காகிதம் காயும்வரை: பஃபலோ ரோட்டை நீர்வண்ணத்தில் தீட்டிய கதை

பஃபலோ ரோடு படம் கடைசியில் தேறிவிட்டது. கால் தாள், அதாவது 28க்கு 38 சென்டிமீட்டர். மழை விட்ட கையோடு சிங்கப்பூர் தேக்கா பக்கத்து அஞ்சடி (கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை), அதில் ஒரு பூக்கடை, நனைந்த ரோட்டில் அந்தக் கடையின் நிறமெல்லாம் இறங்கிக் கிடப்பது. படத்தில் இருப்பது அவ்வளவுதான். அதைச் சுவரில் மாட்டலாமா என்பதில் வீட்டில் இன்னும் இழுபறி. நான் எழுத வந்தது வேறு விஷயம். அந்தப் படத்தின் முதல் பாதியைத் தீட்டிய முக்கால் மணி நேரம், வேலை, போன், பசி, மறுநாள் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்ற கணக்கு, எதுவும் கிட்டவே வரவில்லை. ஓவியம் வரைகிறவர்கள் சொல்லும் அந்த மூழ்கிப்போதல், எனக்கு வெகுநாள் பிடிபடாமலே இருந்தது. அது எப்படி வந்தது என்பதைத்தான் சாமான், அளவு, செலவு சகிதமாக எழுதி வைக்கிறேன்.

நான் ஏர்கான் சர்வீஸ் வேலையில் இருப்பவன். ஒரு வீட்டில் ஃபில்டரைக் கழற்றும்போதே அடுத்த வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார். நாள் முழுக்க அப்படி ஓடிவிட்டு ராத்திரி சாப்பிட்டபின் பெயிண்டை எடுத்து உட்கார்ந்தால், உடம்பு நாற்காலியில் இருக்கும், மனசு உட்லண்ட்ஸில் தண்ணீர் சொட்டும் ஒரு யூனிட்டுக்கு அடியில் நிற்கும். மூச்சை கவனி, மெழுகுவத்தி ஏற்று, வீணை இசை போடு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வீணை போட்ட அன்று வீணையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு யூனிட் சரியாகக் குளிரவில்லை என்றால் கேஸ் எங்கே கசிகிறது என்று சோப்பு நுரை தடவித் தேடுவோம். கவனத்தையும் அப்படித்தான் தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சோப்பு நுரைக்குப் பதில் கேமரா. மகள் ஒதுக்கிவிட்ட பழைய போனை மேசை விளக்கின் கழுத்தில் ரப்பர் பேண்டால் கட்டி, நேர் கீழே காகிதத்தைப் பார்க்கும்படி வைத்தேன். வரைந்து முடித்தபின் வீடியோவை எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பேன். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். கை சட்டத்துக்குள் இருந்தால் வேலை நடக்கிறது, இல்லாவிட்டால் எங்கேயோ போயிருக்கிறேன். அவ்வளவுதான் கணக்கு.

முதல் வீடியோவைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் வெறும் காகிதம்தான் திரையில். கை வரும், இரண்டு கோடு, போகும். வரும், ஒரு தீற்று, போகும். எப்போது போகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால் காரணங்கள் நாலைந்துக்குள் அடங்கிவிட்டன. அதில் ஒன்றுகூட மனசு சம்பந்தப்பட்டதில்லை.

முதல் கசிவு, பார்த்து வரையும் போட்டோ போனிலேயே இருந்தது. திரை அணைந்துவிடும், தட்டித் திறக்க வேண்டும், திறந்தால் மேலே மூன்று மெசேஜ் காத்திருக்கும். இதற்கு மருந்து பத்துக் காசு ஃபோட்டோகாப்பி. போட்டோவைக் கறுப்பு வெள்ளையில் ஏ4 தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். கறுப்பு வெள்ளை எதற்கென்றால், நிறம் தெரியாதபோது எது வெளுப்பு, எது இருட்டு என்பது பளிச்சென்று தெரியும். நிறத்தை நாமே முடிவு செய்துகொள்ளலாம். நிஜப் பூக்கடையின் ஊதா ஆர்க்கிட்டைத் துரத்திக்கொண்டிருந்த தொல்லையும் இதோடு தீர்ந்தது.

இரண்டாவது கசிவு பெரியது: நிறம் கலப்பது. ஆரம்பத்தில் 36 நிறப் பெட்டி ஒன்றை 70 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியிருந்தேன். ஒவ்வொரு தீற்றுக்கும் முன்னால் 36இல் எது என்ற கேள்வி. எடுத்த நிறம் சரியில்லை என்றால் இன்னொன்று, அதைக் கழுவ தண்ணீர், துடைக்கத் துணி. கை சட்டத்தை விட்டு வெளியே போன நேரத்தில் பெரும்பங்கு பெட்டிக்கும் தண்ணீர் டப்பாவுக்கும் நடுவில்தான் கழிந்திருந்தது. பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போய் நாலு டியூப் மட்டும் வாங்கினேன். புத்தகக் கடைக்கும் ஓவியச் சாமான் கடைக்கும் பேர்போன அந்தக் கட்டடத்தில் ஏறினால் கால் மணியில் இறங்க முடியாது, அது தனிக் கதை.

அந்த நாலு: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, குவினாக்ரிடோன் ரோஸ், நிக்கல் அஸோ மஞ்சள். டியூபில் பொடி எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும்: பிபி 29, பிபிஆர் 7, பிவி 19, பிஒய் 150. நிறுவனத்துக்கு நிறுவனம் டியூபின் மேல் போடும் பெயர் மாறும், இந்தக் குறியீடு மாறாது. அதனால் கடையில் பெயரை மட்டும் பார்க்காமல் குறியீட்டையும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் குறைவு. அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் சேர்த்தால் சாம்பல் கிடைக்கும், மழை மேகத்துக்கும் நனைந்த ரோட்டுக்கும் ஒரே சாம்பல். அல்ட்ராமரின் துகள் கொஞ்சம் கனம், காகிதத்தின் குழிகளில் மணல் மணலாகப் படியும். ஈரம் நிறைய இருந்தால் நீலம் ஒரு பக்கமும் பழுப்பு ஒரு பக்கமும் தாமாகப் பிரிந்து நிற்கும். தார் ரோட்டின் சொரசொரப்பை நான் வரையவே இல்லை, அந்தத் துகள்தான் வரைந்தது.

இந்த நாலையும் உட்காருவதற்கு முன்பே கலந்து வைத்துவிட வேண்டும். இரண்டு வெள்ளிக் கடையில் சோயா சாஸ் ஊற்றும் சின்னப் பீங்கான் கிண்ணம் கிடைக்கும். மூன்று கிண்ணத்தில் சாம்பல் மூன்று பதத்தில்: தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர் மாதிரி தண்ணீராக ஒன்று, பால் கனத்தில் ஒன்று, தயிர் கனத்தில் ஒன்று. இன்னும் இரண்டில் சாமந்தி மஞ்சளும் ரோஜாச் சிவப்பும். தேவை என்று தோன்றுவதைவிட இரண்டு மடங்கு கலக்க வேண்டும். பாதியில் தீர்ந்துபோனால் அதே சாம்பல் மறுபடி வராது, வரவழைக்க முயலும் ஐந்து நிமிடத்தில் காகிதம் காய்ந்துவிடும். மிச்சம் வீணாவதைப் பற்றி ஆரம்பத்தில் வருத்தப்பட்டேன். மொத்தமாக ஒரு வெள்ளிக்குள் அடங்கும் விஷயம்.

தண்ணீர், துணி எல்லாம் சின்னத் தீர்வுகள்தான். கழுவ ஒரு டப்பா, சுத்தமான தண்ணீருக்கு இன்னொன்று, இரண்டும் வலது கைப்பக்கம். பழைய குளியல் துண்டை நாலாக மடித்துப் பலகையின் விளிம்பிலேயே வைத்தால் பிரஷைத் தூக்காமலே துடைக்கலாம். இதைச் செய்த பிறகு வீடியோவில் வெறும் காகிதம் தெரியும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது.

ஆனாலும் மனசு மூழ்கவில்லை. கை உள்ளே இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன். எட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நிறுத்தம் வந்துகொண்டே இருந்தது. ஏன் என்று தெரிய கொஞ்ச நாள் பிடித்தது, தெரிந்தபோது என் தொழிலே எனக்கு எதிராக வேலை செய்திருப்பது புரிந்தது.

அறையில் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி புழுக்கத்தில் அது இல்லாமல் உட்காருவது எனக்கு நினைப்பிலேயே இல்லை. ஏர்கான் காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சி வெளியே சொட்டவிடுகிறது. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். என் அறையில் ஏர்கான் அரை மணி ஓடியபின் வேலைப் பையிலிருந்த ஈரமானியை வைத்துப் பார்த்தால் 55. காகிதத்தில் ஒரு வாஷ், அதாவது தண்ணீரான நிறப் பூச்சு, போட்டால் ஆறேழு நிமிடத்தில் மினுமினுப்பு போய்விடுகிறது. போனதும் நான் என்ன செய்வேன்? நிறுத்துவேன், காயும்வரை காத்திருப்பேன், காத்திருக்கும்போது போனை எடுப்பேன். ஓவியம் பாதி, காத்திருத்தல் பாதி. மூழ்குவதற்கு அங்கே ஆழமே இல்லை.

ஏர்கானை அணைத்து, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியையும் நிறுத்தினேன். மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில் ஈரமானி 87 காட்டியது. அதே காகிதம், அதே அளவு தண்ணீர், மினுமினுப்பு கால் மணி நேரம் நின்றது. நீர்வண்ணம் பற்றி வெளியூர்க்காரர்கள் எடுக்கும் பாட வீடியோக்களில் ஹேர் டிரையரைக் கையில் பிடித்துக்கொண்டே, சீக்கிரம், காய்ந்துவிடும் என்று அவசரப்படுத்துவார்கள். அவர்கள் ஊரில் அது சரி. நமக்கு இந்த ஊர் இலவசமாகத் தரும் நேரத்தை நான்தான் மாதம் முழுக்க மின்கட்டணம் கட்டி விரட்டிக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரத்தை எப்படி நீட்டுவது? இங்கே காகிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரக்கூழ்க் காகிதம் மலிவு, ஆனால் தண்ணீரை மேலேயே வைத்துக்கொண்டு திட்டுத் திட்டாகக் காயும், நனைந்தால் அலை அலையாக எழும். முழுப் பருத்திக் காகிதம், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை, அதற்கு மாறியே தீர வேண்டும். 56க்கு 76 சென்டிமீட்டர் முழுத் தாள் எனக்கு ஏறக்குறைய 12 வெள்ளிக்குக் கிடைத்தது. நாலாகக் கிழித்தால் தாள் மூன்று வெள்ளி, ஒரு கோப்பி, ஒரு பரோட்டா செலவு. கெட்டுப்போனால் பின்பக்கமும் இருக்கிறது.

இந்தக் காகிதத்தை ஈரமாகவே வைக்க ஒரு வழி: இரண்டு பக்கமும் நனைப்பது. ஹார்ட்வேர் கடை அங்கிளிடம் 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டில் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்று கேட்டேன், 40க்கு 50 சென்டிமீட்டர், எட்டு வெள்ளி வாங்கினார். இரண்டு அங்குல ஹாக்கே பிரஷ், ஆட்டு முடியில் செய்த தட்டையான பிரஷ், ஐந்து வெள்ளி. பின்பக்கத்தை அதால் நன்றாக நனைத்து இரண்டு நிமிடம் விட வேண்டும். காகிதம் முதலில் சுருண்டு எழும், பிறகு துவண்டு படுக்கும். துவண்டதும் திருப்பித் தகட்டின் மேல் போட்டு முன்பக்கத்தையும் நனைக்க வேண்டும். தகடு தண்ணீரை உறிஞ்சாது, அதனால் ஈரம் கீழே போக வழியில்லை, மேல்பக்கமாக மட்டுமே மெல்ல ஆவியாகும். காகிதத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரே அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், டேப் ஒட்டத் தேவையில்லை. நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் மட்டும் விளிம்பைத் தூக்கி மறுபடி படியவிட வேண்டும். அந்த இடம் முதலில் காய்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படி வைத்த காகிதம், ஜன்னல் திறந்த அறையில், முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து நிமிடம் ஈரமாக இருந்தது. காத்திருக்க வேண்டிய இடமே இல்லாமல் போயிற்று. நான் தேடிய ஆழம் அங்கேதான் இருந்தது.

என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் சொல்கிறேன். பலகையின் தலைப்பக்கம் மாஸ்கிங் டேப் உருளை ஒன்றை அடியில் கொடுத்து லேசாகச் சாய்க்கிறேன். தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் கூரை டியூப்லைட் காகிதத்தில் நீளக் கோடாகத் தெரியும். கோடு நேராக, விளிம்பு கூர்மையாக இருந்தால் தண்ணீர் மேலே நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் தே ஓ பதச் சாம்பலை மேலே வைத்தால் அது கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும், வானத்துக்கு மட்டும் அது சரி. ஐந்தாறு நிமிடம் போனால் கோட்டின் விளிம்பு பிசிறடிக்கும், காகிதத்தின் மேடு பள்ளம் டியூப்லைட்டுக்குள் தெரிய ஆரம்பிக்கும். இப்போது பால் பதம்: அஞ்சடித் தூண், கூரையின் இருட்டு, குடை பிடித்து நிற்கும் ஆள். வைத்த இடத்தில் நிற்கும், ஓரம் மட்டும் கரையும். கோடு முழுசாக உடைந்து மங்கலான வெளிச்சமாகத் தெரியும்போது தயிர் பதம். இந்தக் கட்டத்தில் வைக்கும் தீற்றுக்கு ஏறக்குறைய வைத்த உருவமே. ரோட்டில் விழும் சாமந்தி மஞ்சள் இங்கேதான் வர வேண்டும், மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு.

ஒரே ஒரு தடை. காகிதம் காய்ந்துகொண்டு வரும்போது அதைவிடத் தண்ணீரான பிரஷ் ஒருபோதும் படக்கூடாது. பட்டால் அந்தத் தண்ணீர் சுற்றிலும் உள்ள நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் நொறுக்கு நொறுக்காகக் கொட்டும். காலிஃபிளவர் என்பார்கள். அதைத் திருத்தப் போனால் பெரிய காலிஃபிளவர்.

ஆக நாற்பது நிமிடமும் கண் டியூப்லைட் கோட்டிலும், கை பிரஷிலும், காது ஒன்றிலும் இல்லாமல் இருக்கிறது. அடுத்து என்ன என்று நான் யோசிப்பதில்லை, காகிதம் கேட்கிறது. வேறெதற்கும் இடம் விடாத அளவு அது கேட்டுக்கொண்டே இருக்கிறது, நான் திணறிப்போகும் அளவுக்கும் கேட்பதில்லை. மனசை அடக்கி இங்கே உட்காரவைத்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் போக வேறு இடமில்லை, அவ்வளவுதான்.

வீடியோவில் கை ஒருமுறைகூட வெளியே போகாத முதல் நாள் வந்தது. பெருமையாகப் போட்டுப் பார்த்தேன். கை உள்ளேயே இருந்தது உண்மைதான், ஆனால் கடைசிப் பத்து நிமிடம் ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. தூணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெளுப்பு, அதைச் சரிசெய்ய இன்னொரு தீற்று, அதைச் சரிசெய்ய இன்னொன்று. சாம்பல் போய்ச் சேறு வந்துவிட்டது. மூழ்கியிருந்ததும் நிஜம், படம் பாழானதும் நிஜம். மூழ்கினால் படம் தானாக நன்றாக வரும் என்று எழுதுகிறவர்கள் இந்த நிலைமையைச் சொல்வதில்லை. உள்ளே போவதற்கு இவ்வளவு ஏற்பாடு செய்தவன் வெளியே வர ஒன்றும் செய்யவில்லை. இப்போது விதி இது: டியூப்லைட் வெளிச்சம் காகிதத்தில் எங்குமே தெரியாமல் மங்கிவிட்டால் பிரஷைக் கழுவ வேண்டும். சரியோ தப்போ, பலகையோடு தூக்கிக்கொண்டுபோய்த் துணி காயவைக்கும் இடத்தில், வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தச் சின்ன வெளுப்பு ஈரச்சுவரில் பட்ட வெளிச்சமாக நிற்கும்.

கேமராவையும் அதற்குப்பின் கழற்றிவிட்டேன். கசிவு தெரிந்தபின் சோப்பு நுரை எதற்கு?

இடையில் நேரில் போய் வரைந்தும் பார்த்தேன். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி பஃபலோ ரோட்டு வாசலுக்கு வந்தால் காய்கறிக் கடை, பூக்கடை, எதிரே தேக்கா சந்தை. காலை எட்டு மணிக்குள் போனால் அஞ்சடியில் மடக்கு நாற்காலி போட ஓரமாக இடம் கிடைக்கும். ஆனால் அங்கே நீர்வண்ணம் எனக்குச் சரிப்படவில்லை. லாரி இறக்குகிறவர் நகரச் சொல்வார், சந்தைக்கு வந்த பாட்டி எட்டிப் பார்த்துப் பேத்தியின் டிராயிங் கிளாஸ் பற்றி விசாரிப்பார். ஈரக் காகிதத்துக்குப் பதில் சொல்வதா, பாட்டிக்குப் பதில் சொல்வதா? பென்சிலும் தபால் அட்டை அளவுத் தாளும் எடுத்துப்போய் குறிப்பு மட்டும் எடுத்தேன். எந்தத் தூண் எதை மறைக்கிறது, நனைந்த தரையில் வெளிச்சம் எவ்வளவு நீளத்துக்கு இறங்குகிறது, கூரை நிழல் எந்த இடத்தில் முடிகிறது. அன்று பென்சிலில் எடுத்த அந்த அட்டைகள் போட்டோவைவிட அதிகம் பயன்பட்டன. போட்டோவில் இருப்பதெல்லாம் இருக்கும், அட்டையில் எனக்கு வேண்டியது மட்டும் இருந்தது.

மாலை கட்டிக்கொண்டிருந்த பூக்கடை அக்காவிடம் ஒருமுறை வீட்டில் தீட்டிய படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். “என்ன தம்பி, மல்லிகையெல்லாம் வெறுமனே விட்டுட்டீங்க? கலர் தீந்துபோச்சா?”

“வெள்ளைக்குக் காகிதத்தையே விட்டுடணும்க்கா. நீர்வண்ணத்துல வெள்ளை கிடையாது.”

“அப்ப மல்லிகைக்குக் காசு மிச்சம்னு சொல்லுங்க,” என்றார். பிறகு, “சாமந்தி மட்டும் இவ்வளவு மஞ்சளா இருக்காது. மழை பெஞ்சா காம்புப் பக்கம் கறுத்துடும்” என்று சேர்த்துக்கொண்டார். அது சரியான திருத்தம். அடுத்த படத்தில் மஞ்சள் காய்வதற்கு முன்னால் அடியில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா விட்டேன், பூ உடனே கனம் பிடித்தது.

அந்த வெள்ளையைக் காப்பாற்றுவதில்தான் நிறையக் காகிதம் போயிற்று. மாஸ்கிங் திரவம் என்று ரப்பர் பால் கலவை ஒன்று விற்பார்கள், 12 வெள்ளி, அம்மோனியா நெடி அடிக்கும். வெள்ளை வேண்டிய இடத்தில் பூசிக் காயவிட்டு, மேலே நிறம் தீட்டி, கடைசியில் உரித்தெடுக்கலாம். பிரஷை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ளாவிட்டால் முடி ஒட்டிப் பிரஷ் குப்பைக்குத்தான். நம் ஊர் வெக்கையில் அதை ஓரிரு நாள் விட்டாலே காகிதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, உரிக்கும்போது மேல்தோலையும் கொண்டுபோகிறது. அதோடு, இரண்டு பக்கமும் நனைக்கும் என் முறையில் அதன் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் நின்றன, மல்லிகைக்கு அது ஆகாது. கடைசியில் நான் பிடித்த வழி, தண்ணீரே இல்லாமல் பிழிந்த பிரஷால் ஈர நிறத்தை உறிஞ்சி எடுப்பது. தயிர் பதக் கட்டத்தில் செய்தால் வெள்ளை சற்று மங்கலாக, மென்மையாக வரும். நாலு பூவில் ஒன்று சரியாக வந்தால் போதும், மற்றதைப் பார்க்கிறவர் கண்ணே கட்டிக்கொள்ளும்.

வெள்ளைக்குக் காகிதத்தையே விடுவது என் கண்டுபிடிப்பு இல்லை. லிம் செங் ஹோவின் சிங்கப்பூர் ஆற்றுப் படங்களைப் பார்த்ததிலிருந்து வந்தது. 1912இல் பிறந்து 1979இல் மறைந்தவர், பொதுப் பயனீட்டுக் கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆற்றங்கரையில் வரைந்தவர், 1969இல் தொடங்கிய சிங்கப்பூர் நீர்வண்ணச் சங்கத்தின் ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவர். 2018இல் தேசியக் கலைக்கூடத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார்கள். ஆற்றுப் படத்தில் தண்ணீரின் வெளிச்சத்துக்கு எங்கெல்லாம் காகிதத்தை விட்டிருக்கிறார் என்று கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மீதி நாளெல்லாம் வேலைக்குப் போய்வந்த மனிதருடைய கை அது என்பது எனக்கு ஒரு தெம்பு.

இந்த ஈரம் தரும் நன்மைக்கு ஈரமே விலையும் வாங்கும். காகிதத்தின் மேல் பசைக் காப்பு ஒன்று இருக்கும், தண்ணீரை உடனே உறிஞ்சவிடாமல் தடுப்பது அதுதான். பீரோவில் சும்மா வைத்த தாளில் பூஞ்சை பிடித்தால் அந்தக் காப்பு போய்விடும். தாள் வெளியே சுத்தமாகத்தான் தெரியும், நிறம் வைத்ததும் மையொற்றும் தாள்போலச் சொட்டுச் சொட்டாகக் குடித்துவிடும். நான் இரண்டு தாளை அப்படி இழந்தேன். இப்போது மிச்சத் தாளை ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, போட்டோ எடுக்கும் மச்சான் லென்ஸை ஈரம் படாமல் வைக்கும் டிரை கேபினெட்டின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். லென்ஸ் வைக்கும் இடத்துக்கு வாடகை கேட்கப்போவதாக அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேலட்டையும் ஈரத்தோடு மூடக்கூடாது, இரண்டே நாளில் பூத்துவிடும். தேன் கலந்து செய்யும் பெயிண்ட் வகைகள் உண்டு, காய்ந்த நாட்டில் அருமையாக இருக்குமாம். இங்கே அது ஒட்டுப்பசையாகவே கிடந்தது, ஒரு காலையில் எறும்பு வரிசை கட்டி நின்றது.

அடுத்த முறைக்கு மாற்ற நினைப்பவை சில. வெளிச்சம் முதலில். கூரை டியூப்லைட் பார்க்க வசதி, ஆனால் என் தலை நிழல் வலது கீழ் மூலையில் விழுகிறது, தேறிய படத்திலும் அந்த மூலை மற்ற இடத்தைவிட இருட்டாகப் போய்விட்டது. இடப்பக்கம் தாழ்வாக ஒரு எல்இடி பட்டை வைத்தால் நிழலும் போகும், மினுமினுப்பும் நன்றாகத் தெரியும். நெற்றி வியர்வை இரண்டாவது. ஏர்கான் இல்லாத அறையில் அது ஒரு சொட்டு வானத்தில் விழுந்து காலிஃபிளவர் ஆகியிருக்கிறது, தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்காருகிறேன், மனைவி பார்த்து, “என்னங்க, பரண் ஏறப் போறீங்களா?” என்கிறாள். ஏர்கானை முன்னாலேயே அரை மணி ஓட்டி அறையைக் குளிரவைத்து, நனைப்பதற்குச் சற்று முன் அணைத்து ஜன்னலைத் திறந்தால் ஈரமானி 70 பக்கம் நிற்கிறது, உடம்புக்கும் தாங்குகிறது. இதை இன்னும் இரண்டொரு முறை பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன்.

பிறகு அளவு. அரைத் தாள், 38க்கு 56, போட ஆசை. தகட்டுத் துண்டு போதாது, அங்கிளிடம் 60க்கு 45 சொல்லி வைத்திருக்கிறேன், 15 வெள்ளி கேட்கிறார். சோயா சாஸ் கிண்ணம் அந்த அளவுக்குப் பத்தாது, சம்பால் வைக்கும் பெரிய கிண்ணம் வேண்டும். ஹாக்கேயும் மூன்று அங்குலம். இரண்டு அங்குலத்தில் மேல் ஓரம் நனைத்து முடிப்பதற்குள் கீழ் ஓரம் ஊறிவிடும், ஒரே சீராக ஈரம் இருக்காது. முதல் தாளை வெறும் தண்ணீர் மட்டும் நனைத்து, நிறமே வைக்காமல், எந்த மூலை எத்தனை நிமிடத்தில் மங்குகிறது என்று குறித்துப் பார்க்கப் போகிறேன். காய்ந்ததும் அதே தாளில் தீட்டிக்கொள்ளலாம், செலவு ஒன்றும் இல்லை.